என் தம்பி காத்த கோடு

என் தம்பி விஸ்டின் நாற்பத்திரண்டு வருடம் அரசாங்க வேலை பார்த்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கும் வேலை. சிட்னிக்கு மேற்கே, நாங்கள் கோழி வளர்த்த பக்கத்தில், பதினேழு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைத் துறைக்காரர்கள் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். என்றைக்கோ ஒரு நாள் அங்கே பெரிய சாலை வரும். அதுவரை கோட்டுக்குள் ஒருத்தரும் வீடு கட்டிவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நன்றாகவே பார்த்துக்கொண்டான். கூடப்பிறந்த என்னைக்கூடக் கட்ட விடவில்லை.

நான் சென்சா. அவனுக்கு ஏழு வயது மூத்தவள். ஐம்பத்தைந்தில் மால்ட்டாவிலிருந்து அப்பாவோடு கப்பலேறி வந்தோம். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே வந்து இரண்டாம் வருடம் அப்பாவும் போய்விட்டார். விஸ்டின் படிப்பில் கெட்டி. கோடு போட்டால் அளவுகோல் தோற்றுவிடும். அவன் படிக்கட்டும் என்று நான் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போனேன். பதினெட்டு வயதில் சாலைத் துறையில் படம் வரைகிறவனாகச் சேர்ந்தான். டை கட்டிக்கொண்டு முதல் நாள் கிளம்பியபோது, என் கணவர் ஸாரன் வாசலில் நின்று, "துரை கிளம்பிட்டார், வழி விடுங்கப்பா!" என்று கத்தினார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் வீடு கட்டிய விதம் ஒன்றுதான். முதலில் மனை வாங்குவோம். மனையின் பின்கோடியில் ஒரு கராஜ் கட்டுவோம். கார் இருக்காது, நாங்கள்தான் இருப்போம். கட்டில், அடுப்பு, தொட்டில், மாதா படம் எல்லாம் அதற்குள். முன்பக்கத்தை வீட்டுக்கென்று விட்டு வைப்போம். இரண்டு வருடமோ மூன்று வருடமோ, கை கூடும்போது வீடு எழும்பும். கராஜுக்குக் கார் வரும். போலந்துக்காரன், இத்தாலிக்காரன், நாங்கள் எல்லாரும் அப்படித்தான். கராஜில் இருக்கிறோம் என்று யாரும் வெட்கப்பட்டதில்லை, ஏனென்றால் அது கொஞ்ச நாளைக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் அறுபத்திரண்டில் கராஜுக்குக் குடிபோனோம். மறு வருடம் அதற்குள்தான் எங்கள் மகள் லிலியன் பிறந்தாள். அறுபத்து நான்கு மார்ச்சில் முன்பக்கம் முளை அடித்து நூல் கட்டிவிட்டார் ஸாரன். எது சமையலறை, எது படுக்கையறை என்று நூலைத் தாண்டித் தாண்டி எனக்குக் காட்டினார். அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்ற ஈஸ்டருக்கு மறுநாள் கழித்து, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம், அதில் கல்யாணம் வைப்போமா? மாட்டோம். அதே போல் தவக்காலத்தில் அஸ்திவாரமும் போடக்கூடாது என்பது அவர் ஊர் வழக்கம். பாதிரியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்த பிறகுதான் எதுவும்.

ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று விஸ்டின் சாப்பிட வந்தான். மக்ரோனியை அடுப்பில் சுட்டு வைத்திருந்தேன். அவனுக்கு உயிர் அது. அன்றைக்கு என்னவோ முள்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"அத்தான், அந்தக் கான்கிரீட்டை நாளைக்கே ஊத்திடலாமே," என்றான் திடீரென்று.

ஸாரன் சிரித்துவிட்டார். "புனித வாரத்துல அஸ்திவாரமா? ஏன்டா, ஆபீஸ் போனதும் சாமியையும் மறந்துட்டியா?"

"இல்ல... மழை கிழை வந்துட்டா..."

"வந்தா நனையட்டும். முப்பது வருஷம் காத்திருந்தவன், ஒன்பது நாள் காத்திருக்க மாட்டேனா?"

"அதான் சொல்றேன் அத்தான். எதுக்குக் காத்திருக்கணும்?"

"நீ மொதல்ல சாப்பிடு. மக்ரோனி ஆறிப்போகுது பாரு," என்றேன் நான். ஆமாம், நான்தான் அந்தப் பேச்சை நிறுத்தினேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். இரண்டாம் முறைகூடப் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை அரசாங்கப் பத்திரிகையில் கோடு வந்துவிட்டது. எங்கள் மனையின் முன்பாதி முழுக்கக் கோட்டுக்குள். அதில் ஒரு விதி: அன்றைய தேதிக்கு முன்னால் அஸ்திவாரம் போட்ட வீடெல்லாம் வீடு என்று கணக்கு. சாலை வரும்வரை இருக்கலாம், கூரை மாற்றலாம், அறை சேர்க்கலாம். வெறும் நூல் கட்டியிருந்தால் அது வீடில்லை. காலி மனை. இனி அதில் எதுவும் எழும்பக் கூடாது. பின்கோடியிலோ கராஜும் கோழிக் கொட்டகைகளும் சாக்கடைக் குழியும் போக வீட்டுக்கு இடமில்லை. எதிரே மிஸஸ் டன்ஃபி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் தவக்காலம் பார்க்கிறவள் இல்லை.

ஸாரன் மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விஸ்டின் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் வரைந்துகொண்டிருந்தானாம். "பாக்காத மாதிரியே இருந்தான், சென்சா. என்னைத் தெரியாதவன் மாதிரி," என்று சொல்லிவிட்டு ஸாரன் கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

"ரெண்டு மூணு வருஷத்துல சாலை வந்துடும் அக்கா. நிலத்தை எடுத்துக்கிட்டு உனக்கு வேற இடம் குடுப்பாங்க," என்று விஸ்டின் சமாதானம் சொன்னான். நம்பினோம். சாலையும் வரவில்லை, நிலத்தை எடுக்கவும் இல்லை. நிலம் எங்கள் பெயரில்தான் இருந்தது. அதற்கு வரியும் நாங்கள்தான் கட்டினோம். வேறு யாருக்காவது விற்கலாம் என்றால், கோட்டுக்குள் கிடக்கும் மனையை எவன் வாங்குவான்?

பிறகு விஸ்டினுக்குப் பதவி உயர்ந்தது. படம் வரைகிறவன் கோட்டைக் காக்கிறவனாக ஆனான். கோட்டுக்குள் யார் எது கட்ட விண்ணப்பம் போட்டாலும் அது அவன் மேசைக்குத்தான் வரும். நான் ஏழு முறை விண்ணப்பம் போட்டேன். ஏழுக்கும் பதில் வந்தது. 'அன்புள்ள அம்மையீர், தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. வருங்காலச் சாலை வழித்தடத்தைப் பாதுகாக்க வேண்டியிருப்பதால் அனுமதிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' கீழே என் தம்பியின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை கடிதம் வரும். ஞாயிற்றுக்கிழமை வருந்துகிறவர் சாப்பிட வருவார். என்ன செய்வேன், சோறு போட்டேன். தாயில்லாப் பிள்ளை என்று தூக்கி வளர்த்த கை, தட்டைப் பிடுங்க வரவில்லை.

கோழிக் கொட்டகை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கம்பு நட்டுத் தகரம் போட்டால் அது தற்காலிகம், கழற்றிவிடலாம். "கோழிக்குக் கட்டலாம், மனுஷனுக்குக் கட்டக்கூடாது. ஏன்டா துரை, நாங்க முட்டை போட்டாத்தான் உங்க ஆபீஸ்ல சரின்னு சொல்லுவாங்களோ?" என்று ஸாரன் கேட்பார். விஸ்டினும் சிரிப்பான். லிலியனுக்குப் பத்து வயதானபோது அவளுக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. சக்கரம் வைத்த பழைய கேரவன் ஒன்றை வாங்கி நிறுத்தினோம். மறு சனிக்கிழமை விஸ்டின் வந்து, குனிந்து, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். காற்று இல்லையென்றால் அது கட்டடமாம். ஸாரனே பம்பு எடுத்துக் காற்றடித்தார். அடித்துக்கொண்டே மால்ட்டா மொழியில் அவர் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல், தன் சொந்தக் காரில், கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் போவான். எங்கே புதுத் தகரம் பளபளக்கிறது, எவன் ராத்திரியோடு ராத்திரியாகத் திண்டு கட்டியிருக்கிறான் என்று நோட்டில் எழுதுவான். அந்தப் பதினேழு கிலோமீட்டரில் அவனுக்குத் தெரியாத வேலிக்கம்பு கிடையாது. ஜனங்கள் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாதா கோயிலில் எங்கள் பெஞ்சில் கூட்டம் குறைந்தது அவனால்தான்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "உனக்கு என்னதான்டா வேணும்? அந்தப் புல்லுக்காகவா இத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற?"

"அக்கா, வேலைல சேர்ந்த மொத வருஷம் என்னை டவுனுக்குள்ள ஒரு தெருவுக்கு அனுப்புனாங்க. முன்னாடியே இடம் ஒதுக்காம விட்ட சாலை. அகலப்படுத்த ஒரே வரிசைல நாப்பது வீட்டை இடிச்சாங்க. நான் கதவுல நம்பர் எழுதணும். ஒரு கிழவி வந்து, நான் எழுத எழுத ஈரத் துணியால துடைச்சுக்கிட்டே வந்தா. கத்தல, திட்டல. துடைச்சா, அவ்வளவுதான். நம்ம பக்கம் அது நடக்கக் கூடாதுன்னுதான். இன்னிக்குக் காலியா வெச்சிருந்தா நாளைக்கு யாரு வீட்டையும் இடிக்க வேண்டாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அயோக்கியனாக இருந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகக் கோழி மேய்த்திருப்பேன்.

ஸாரன் ஒரு காரியத்தை மட்டும் விடவில்லை. வருடாவருடம் ஈஸ்டருக்கு மறுநாள், மக்கிப்போன முளைகளைப் பிடுங்கிவிட்டுப் புது முளை அடிப்பார். நூலையும் புதிதாகக் கட்டுவார். அதே அளவு, அதே மூலை. முளை கட்டடம் இல்லை என்பதால் சட்டப்படி அதைத் தடுக்க முடியாது. எண்பத்தொன்பதில், பிப்ரவரி வெயிலில், கராஜின் தகரக் கூரைக்குக் கீழே, கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்து வந்தவர்களை உட்கார வைக்க எனக்கு ஓர் அறை இல்லை. எல்லாரும் நூல் கட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். இருபத்தேழு வருடம் கராஜில் இருந்தவள் அன்றைக்குத்தான் கராஜில் இருப்பதற்காக வெட்கப்பட்டேன்.

அந்த வருட ஈஸ்டருக்கு மறுநாள் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். விஸ்டின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முளை அடித்துக்கொண்டிருந்தான். அளவு பார்த்து, மூலைமட்டம் வைத்து, நூலை இழுத்துக் கட்டினான். நான் விளக்குமாற்றை எடுத்து அடித்து விரட்டியிருக்க வேண்டும். ஏனோ கை வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவன்தான் கட்டினான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஓய்வு பெற்றான். அவன் காத்த கோட்டைச் சிவப்பு மையில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் துறையில் கொடுத்தார்கள். மறு வருடமே கோட்டை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பெரிய குடியிருப்பு வரப்போகிறதாம். புதுச் சாலை இனி வடக்கே வேறெங்கோ போகுமாம். 'இவ்வழித்தடம் இனித் தேவையில்லை' என்று ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் வந்தது. நாற்பது வருடத்துக்கு ஒரு பக்கம்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு விஸ்டின் வந்தான். அதுவும் தவக்காலம்தான்.

"அக்கா, இனி நீ கட்டலாம்."

"யாருக்குடா? அறுபத்தெட்டு வயசாச்சு எனக்கு. அவரு மண்ணுக்குள்ள வீடு கட்டிப் பதினஞ்சு வருஷமாச்சு."

அவன் கராஜ் வாசலிலேயே நின்றான். "ஒண்ணு சொல்லணும் அக்கா. அந்தக் குருத்தோலை ஞாயிறு... எனக்குத் தெரியும். ஆறு வாரம் முன்னாடியே தெரியும். அந்தப் படத்துக்கு மை போட்டதே நான்தான்."

எனக்கும் எங்கோ உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவன் வாயால் கேட்டபோது கட்டிலில் உட்கார்ந்தேன்.

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"வெளியில சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அதையும் மீறி, ஊத்திடலாமேன்னு சொன்னேன் இல்ல? அதுக்கு மேல என்னால முடியல. உனக்குச் சொன்னா நீ கட்டுவ, பக்கத்து வீட்டுக்காரன் கேப்பான், அவனும் கட்டுவான். எல்லாரும் ஊத்தியிருந்தா கோடு நின்னிருக்காது அக்கா."

"இப்ப நின்னுச்சா?"

அவன் கையிலிருந்த கடிதத்தை மடித்தான்.

"சொல்லுடா. அவரு கராஜுல செத்தாரு. எம்பொண்ணு சக்கரத்து மேல வளந்தா. உன் கோடு நின்னுச்சா?"

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஈஸ்டருக்கு மறுநாள் முளையும் நூலுமாகத் திரும்ப வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. அதோடு அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். பதினேழு வருடம் பேசவில்லை.

நிலத்தைக் குடியிருப்பு கட்டுகிறவர்களுக்கு விற்றேன். நூல் கட்டியிருந்த இடத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் லிலியன் வீடு கட்டினாள். எழுபது வயதில் முதல்முறையாக, ஜன்னல் வைத்த அறையில், என் சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். சமையலறை ஸாரன் காட்டிய அதே மூலையில்தான். புதுமனைப் புகுவிழாவுக்கு விஸ்டினைக் கூப்பிடவில்லை. அவன் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக லிலியன் சொன்னாள். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

போன வருடம் சாலைத் துறையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்தப் பக்கம் இத்தனை ஆயிரம் வீடு வந்தபிறகு போக வழியில்லை. எல்லா வண்டியும் பழைய இருவழிச் சாலையில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. வடக்கே சாலை போடுகிறோம் என்றார்களே, அதுவும் ஒரு மலைச்சரிவில் சிக்கிக் கைவிட்டாயிற்று. ஆகவே புது வழித்தடம் போடுகிறார்களாம். கூடவே படம். எங்கள் தெரு முழுக்கக் கோட்டுக்குள் இருந்தது. எதிர்ப்பு இருந்தால் இருபத்தெட்டு நாளுக்குள் எழுதவும்.

லிலியன் அழுதாள். நான் கைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு, விஸ்டின் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் பஸ் ஏறினேன். அதை அவன் முகத்தில் எறியவா, அவனிடம் உதவி கேட்கவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, சாப்பிட்டியா?" என்றான், நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் போனதுபோல. கடிதத்தை நீட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். விரலை வைத்துக் கோட்டின் மேலேயே மெதுவாக நகர்த்தினான்.

"இது என்னோட கோடுதான் அக்கா. நாப்பது மீட்டர் தெற்கே தள்ளியிருக்காங்க, அவ்வளவுதான்." பிறகு கேட்டான்: "எத்தனை வீடு?"

"முன்னூத்திப் பத்து. எங்களோடதும் சேத்து."

அவன் வாய் கோணிக்கொண்டது. "காலியா வெச்சிருந்தேனே அக்கா," என்றான். "யாரு வீடும் போகாம காலியா வெச்சிருந்தேனே!"

எழுபத்தெட்டு வயதுக்காரன் குழந்தை மாதிரி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அவனுக்காகவா, ஸாரனுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. "வெச்சிருந்தடா. நீ வெச்சிருந்தது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அழுகை அடங்கியதும் பேனாவை எடுத்து அவன் கையில் வைத்தேன். "எதிர்ப்பு எழுதிக் குடு. இவங்களுக்கு எப்படி எழுதணும்னு உனக்குத்தான் தெரியும். லிலியனுக்காக எழுது."

தாளைத் தொடைமேல் வைத்து, தேதி போட்டான். 'அன்புள்ள ஐயா' என்று எழுதினான். அழகான எழுத்து, அதே பழைய எழுத்து. படத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். கடைசியில் பேனாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டான்.

"இதுல என்னத்த அக்கா எழுதறது? கோடு சரியாத்தான் போட்டிருக்காங்க."

எட்டாவது விண்ணப்பம் அது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. மாறிப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டு, கிளம்பினேன்.

திரும்பும்போது பஸ் பழைய சாலையில் நின்றுவிட்டது. நாலு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் கத்திக்கொண்டே இருந்தது, யாராலும் ஒதுங்க முடியவில்லை. இங்கே ஒரு சாலை வேண்டும்தான். விஸ்டின் சொன்னது சரிதான், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அவன் சரியாகச் சொன்னதற்கெல்லாம் விலை கொடுத்தது நாங்கள் மட்டும்தான் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.